பொங்கிக் கிடந்த பால்

"பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டாம்மா?"

டாக்டர் ஆக்ஸிலியா இப்படிக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஃபானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க மைனியா? அத்தர் வாசம் கொஞ்சம் தூக்கலா இருந்தாலே தும்முவாங்க டாக்டர்."

"சிரிக்காதீங்க. குளிருக்குச் சுருட்டு பிடிக்கிற பொம்பளைங்க இந்த மலையில நிறையப் பேரு. இந்த மூட்டு நோய்க்கு முதல்ல கேக்க வேண்டியதே அதுதான்."

"இல்லைங்க டாக்டர்," என்றாள் மரியம் பீவி.

மாதத்துக்கு ஒரு தடவை மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்து போகிற மூட்டு டாக்டர் அவர். மரியத்தின் இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன. விரல் கணுக்கள் வீங்கி, மோதிரம் கழற்றப்பட்டு, அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. காலையில் எழுந்தால் வெயில் ஏறும்வரை விரல் மடங்காது. பஜாரில் தைலக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் சுல்தான்தான் இப்போதெல்லாம் டீ போட்டுக் கொடுக்கிறார். மகன் ஷபீரின் நிக்காஹுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தது. பெண் வேறு யாருமில்லை, மரியத்தின் தம்பி அஸீமின் மகள் மஹ்ஜபின்தான். அஸீமின் மனைவி இந்த ரிஃபானா. கல்யாணச் சேலை எடுக்கப் பழனியிலிருந்து மலையேறி வந்தவள், மைனியைத் தனியாக விட மனமில்லாமல் ஆஸ்பத்திரிக்கும் கூட வந்திருந்தாள்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"எங்கம்மாவுக்கு விரலெல்லாம் கோணிக் கெடக்கும். மலைக்குளிர்னு சொல்லுவாங்க."

"குளிர் வலியைக் கூட்டும். நோயைக் கொண்டு வராது. ரத்த உறவுல ஒருத்தருக்கு இருந்தா வர்றதுக்கு வாய்ப்பு கூடும். பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களைவிட அதிகமா வரும். ஈறுல ரத்தம் வருமா?"

"அப்பப்ப வரும்."

"அதையும் பாக்கணும். தீட்டு எப்ப நின்னுச்சு?"

மரியம் தலையைக் குனிந்துகொண்டாள். "மத்தவங்களுக்கு நிக்கிறதுக்கு முந்தியே நின்னுருச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "குழந்தைங்க?"

"ஒரே மகன்."

"எத்தனை மாசம் பால் குடுத்தீங்க?"

ரிஃபானாதான் முந்திக்கொண்டாள். "மாசமா? ரெண்டு வருஷம் டாக்டர். எங்க மைனியோட மாமியாரு மவுத்தாகுற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

"ரெண்டு வருஷமா?" டாக்டர் பேனாவை நிறுத்தினார். "ரொம்ப நாள் பால் குடுத்தவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கம்மியா வருதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. அதான் கேக்குறேன். நல்லா ஞாபகம் இருக்கா?"

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மரியத்தின் காதில் அது அப்படி விழவில்லை. இத்தனை காலம் கதவைச் சாத்திக்கொண்டு மறைத்ததை, இந்த வீங்கிய கணுக்கள் எடுத்து மேசைமேல் போட்டுவிட்டதாக அவளுக்குப் பட்டது. நீ கொடுக்கவில்லை, அதனால்தான் உனக்கு வந்தது என்று இந்த டாக்டர் பெண் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த கேள்வியில் ரிஃபானாவுக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

"ஞாபகம் இல்லாம என்ன?" என்றாள் மரியம். குரல் அவளை மீறி உயர்ந்தது. "எம்புள்ளைக்கு மட்டுமா? இந்தா ஒக்காந்திருக்காளே, இவ புள்ளைக்கும் நாந்தான் குடுத்தேன். அப்ப எனக்குப் பால் பொங்கிக் கெடந்துச்சு!"

"அப்படியா, நல்லது," என்று டாக்டர் எழுதினார். "எப்படியிருந்தாலும் இது யாரோட தப்பும் இல்லைம்மா. பத்து புள்ளைக்குப் பால் குடுத்தவங்களுக்கும் வரும். இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

இந்த நல்ல வார்த்தைகளை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ரிஃபானாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அவள் மரியத்தின் கையைப் பிடித்தாள். வலிக்கும் கை என்பதுகூட மறந்துவிட்டது.

"மைனி. என்ன சொன்னீங்க உள்ள?"

"என்ன சொன்னேன்?"

"மஹ்ஜபினுக்குப் பால் குடுத்தேன்னீங்க."

"அது டின் பாலு. நீ ஜுரத்தோட மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாந்தானே கலக்கிக் குடுத்தேன். ஒனக்குத் தெரியாதா?"

"டின் பாலா பொங்கிக் கெடக்கும்?"

மரியம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"ஒரே மார்ல குடிச்சிருந்தா நம்ம மார்க்கத்துல அதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி மைனி, நிக்காஹே கூடாது. யா அல்லாஹ்! பத்திரிகை அடிச்சாச்சே." ரிஃபானா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பழனியில் இருந்த அஸீமைப் போனில் கூப்பிட்டாள். மரியம் பக்கத்தில் நின்றாள். பொய்ம்மா, வாய் தவறிச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாள். அந்த 'ஏன்' என்பதற்குத்தான் அவள் பயந்தாள்.

*

மிஷன் பள்ளி விடுதியின் சமையல்கட்டில் அடைக்கலமேரி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளம் வயதில் அந்த விடுதியில் ஆயாவாகச் சேர்ந்தவள், இப்போது சமையலுக்கே அவள்தான் பொறுப்பு. கல்யாணம் ஆகாதவள். பஜாருக்கு மரியம் மருமகளாக வந்த நாளிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

மரியம் சொல்லி முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடி பைத்தியக்காரி. பாலே இல்லாதவளுக்குப் பொங்கிச்சாக்கும்?"

"மெல்லப் பேசு மேரி."

"மெல்லப் பேசித்தான் இந்தக் கெதிக்கு வந்திருக்கே. டாக்டர்கிட்ட எதுக்குடி பொய்யி?"

"அந்தப் பொண்ணு என்னையப் பாத்த பார்வை அப்படி. நீ குடுக்கலன்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு. எம்மாமியா சொல்லுமே, மலட்டு மாட்டக் கூட வச்சிக்கலாம், கறவை வத்துன மாட்ட எவன் கட்டிப் போடுவான்னு. எம்மூஞ்சிக்கு நேரா அந்தப் பேச்சுத்தான் வந்து நின்னுச்சு."

"அது வாழ்ந்தப்பவும் ஒன்னய விடல, செத்தும் விடல. சரி, இப்ப என்ன செய்யப் போற?"

"அஸீம் வந்துக்கிட்டிருக்கான். பள்ளிவாசல் அஸ்ரத்தையும் கூட்டியாரச் சொல்லியிருக்கான். நான் என்ன சொல்லலாம்னா..." மரியம் குரலைத் தணித்தாள். "எம்மாமியா அப்பவே சொல்லுச்சுல்ல, தம்பி மகளுக்கு மார் குடுத்துராத, நாளைக்கு நமக்கே மருமகளா வரலாம்னு. அதனாலதான் குடுக்கல, டின் பால் குடுத்தேன், டாக்டர்கிட்ட சும்மா பெருமைக்குச் சொல்லிட்டேன்னு சொல்லிர்றேன். ஷபீர் சமாச்சாரம் வெளிய வர வேண்டாம்."

"நல்லாத்தான் தச்சு வச்சிருக்க. நம்புவாங்களா?"

"நம்பலைன்னா நீ வந்து சொல்லு. மஹ்ஜபினுக்கு டின் பால் கலக்குனத நீயும் பாத்தேல்ல."

அடைக்கலமேரி நறுக்கிய கோஸை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "ஷபீருக்குக் கலக்குனதையும் பாத்தேன். ஒண்ண மட்டும் பாத்தேன்னு சொல்ல எனக்குக் கண்ணு ஒண்ணா இருக்கு?" என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "வா. சோலி கெடக்கு, வெரசாப் போயிட்டு வருவோம்," என்றாள்.

*

கடைக்கு மேல்மாடியில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அஸ்ரத்துக்கு மட்டும் நாற்காலி. வாசல் திரைக்கு வெளிப்பக்கம் ரிஃபானாவும் அடைக்கலமேரியும். ஷபீர் சன்னல் ஓரத்தில் நின்றான். மஹ்ஜபின் போன் செய்துகொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை, எடுத்து என்ன சொல்வது?

மரியம் ஆண்கள் முன்னால் வந்து நின்று, தைத்து வைத்ததைச் சொன்னாள்.

அஸீமுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ஊருக்குப் பொய் சொல்லலாம். வீட்டுக்குச் சொல்லலாம். டாக்டர்கிட்ட போயி எவளாவது பொய் சொல்லுவாளா? அங்கதான எல்லாரும் உள்ளதச் சொல்லுவாங்க?"

"பெருமைக்குச் சொன்னேம்ப்பா."

"நோய்க்குப் போன எடத்துல என்ன பெரும?"

சுல்தான் குறுக்கிட்டார். "அஸீம், அக்காவ வெரட்டாத. எங்கம்மா அப்படிச் சொன்னது எனக்கே தெரியும். மஹ்ஜபினுக்கு மார் குடுக்கக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லுச்சு."

"சொன்னாங்க மச்சான். இவங்க கேட்டாங்களா? அதான கேள்வி."

அஸ்ரத் வயதானவர். தரையைப் பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினார்.

"அம்மா, நான் ஒங்கள நம்ப மாட்டேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு யோசிங்க. ஒங்க மகனுக்கு அப்ப ஒரு வயசுக்கு மேல. பால் குடுத்துக்கிட்டு இருக்கிற தாய் நீங்க. தாயில்லாப் புள்ள மாதிரி ஒண்ணு மடியில கெடந்து பசியில வீல் வீல்னு கத்துது. டின் பால் ஆறுற வரைக்கும் பொறுக்காம, ஒரு தடவ, ஒரே தடவ எடுத்து மார்ல போட்டிருக்க மாட்டீங்களா? பெத்த மனசுன்னா போட்டிருக்கும். நமக்கு ஒரு தடவ போதும்மா. ஒரு சொட்டு உள்ள போனாலும் உறவு அமைஞ்சு போகும். நிக்காஹ் செஞ்சு வச்சிட்டுப் பெறகு சந்தேகத்தோட அதுங்க குடும்பம் நடத்த முடியாது."

"அல்லா சத்தியமாப் போடல அஸ்ரத்து."

"பால் இருந்தும் போடலையா?"

கீழே ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

ஷபீர் திரும்பினான். "அம்மா," என்றான். அழுது முடித்த முகம் அது. அவன் குழந்தையாக இருந்தபோது மூடிய கதவுக்குப் பின்னால் பாட்டில் ரப்பரைச் சப்பிக்கொண்டு இவளை அண்ணாந்து பார்த்த முகமும் அதுவேதான்.

"எனக்குப் பாலே இல்ல," என்றாள் மரியம்.

யாருக்கும் புரியவில்லை.

"பாலே ஊறல. மஹ்ஜபினுக்கு மட்டுமில்ல. ஷபீருக்கும் நான் குடுக்கல. ஒரு நாளும் குடுக்கல. மூணு நாள் பாத்தேன், ஒரு சொட்டு வரல."

சுல்தான் எழுந்துவிட்டார். "என்ன பேசுற நீ? ரெண்டு வருஷம் கதவச் சாத்திக்கிட்டு..."

"பாட்டில்ல குடுத்தேன்."

"எங்கம்மா மவுத்தாகுற அன்னிக்குக் கூட, எம்மருமக எம்பேரனுக்குக் கொற வைக்காமப் பால் குடுத்தவடான்னு சொல்லிட்டுத்தானே கண்ண மூடுச்சு! பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியே!"

"நின்னேன்," என்றாள் மரியம். "கேட்டேன்."

சுல்தான் திரும்ப உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது மரியத்துக்கு. ஆண்கள் நிறைந்த அறையில், பெற்ற மகனுக்கு முன்னால், தன் மார்பைப் பற்றி அவளே பேசிவிட்டாள். துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்தினாள். விரல்கள் துணியைப் பிடிக்கவில்லை.

அஸீம் மட்டும் இளகவில்லை. "அக்கா, கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னு இதயும் சொல்றியா? காலையில பொங்கிச்சு, சாயங்காலம் வத்திருச்சு. எத நம்புறது?"

"மஹ்ஜபின் இங்க இருந்த நாளத் தவிர, வீட்டுக்குள்ள ரெண்டு வருஷம் ஒரு டின் கூட எங்கண்ணுல படலையே," என்றார் சுல்தான் சுவரைப் பார்த்தபடியே. "பஜார்ல எந்தக் கடையில வாங்கினாலும் எனக்கு வந்து சொல்லியிருப்பானுங்களே."

"அதனாலதான் பஜார்ல வாங்கல," என்றது திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல்.

அடைக்கலமேரி திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "நான் பேசலாமாங்க?" என்று அஸ்ரத்தைப் பார்த்துக் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

"எங்க அம்மா வீடு பெருமாள்மலை. ஞாயித்துக்கெழம பூசைய முடிச்சிட்டு அங்க போவேன். வரும்போது ஜங்ஷன்ல மயில்சாமி கடையில டின் வாங்கிட்டு வருவேன். பையில டின்னுக்கு மேல முருங்கக்கீரைய வச்சு மூடிக்குவேன். காலி டின்னத் திரும்பக் கொண்டு போயி வழியில பள்ளத்துல எறிஞ்சிருவேன். ஷபீரு சோறு திங்கிற வரைக்கும் அதான் நம்ம சோலி."

"ஒங்க கூட்டாளிக்காக நீங்க எதையும் சொல்லுவீங்க," என்றான் அஸீம்.

அடைக்கலமேரி அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது அந்தப் பார்வை.

"அஸீம் தம்பி, நீங்க அப்ப எளந்தாரி. பெருமாள்மலை ஜங்ஷன்ல வாழப்பழ லோடு ஏத்த லாரியோட வருவீங்க. மயில்சாமி பொண்டாட்டி அன்னக்கொடி கடையில ஒக்காந்து என்ன பேசுவா? யாரப் பத்திப் பேசுவா? ஞாபகம் இருக்கா?"

அஸீமின் முகம் மாறியது.

"நான் சொல்லட்டா? மிஷன் ஆயா மேரிக்குக் கல்யாணம் ஆகல, ஆனா வாரம் தவறாம புள்ளப் பால் டின்னு வாங்குறா. புள்ளைய எங்க ஒளிச்சு வச்சிருக்காளோ, தகப்பன் எந்தத் தொரையோ. என்னயப் பாத்தா, 'மேரி, புள்ள தவழுதா?'ன்னு கேப்பா. லாரிக்காரனுங்க சிரிப்பானுங்க. நீங்க சிரிச்சீங்களா, எனக்குத் தெரியாது."

அஸீம் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டிருக்கேன்," என்றான். பிறகு இன்னும் தாழ்ந்து, "சிரிச்சேன்," என்றான்.

அதற்குப் பிறகு யாரும் சாட்சி கேட்கவில்லை. ஊரே சாட்சியாகப் பேசியிருக்கிறது, எதற்குச் சாட்சி என்று தெரியாமல்.

அஸ்ரத் நாற்காலியை விட்டு எழுந்தார். "பால் உறவு இல்ல. சந்தேகமும் இல்ல. நாளு குறிச்சபடி நிக்காஹ் நடக்கட்டும்." வாசலுக்குப் போனவர் நின்று அடைக்கலமேரியிடம், "தாயி, நீங்க உக்காருங்க. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க," என்றார்.

ஷபீர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினான். ரிஃபானா உட்கார்ந்து சத்தமாக அழுதாள். அஸீம் அஸ்ரத்தை வழியனுப்பப் போனான். சுல்தான் கடையைப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினார். மரியத்தைக் கடக்கும்போது அவர் கால் சற்றுத் தயங்கியது. முகம் திரும்பவில்லை.

*

படிக்கட்டில் அடைக்கலமேரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மரியம் பின்னால் வந்து நின்றாள்.

"மேரி. ஒனக்கு மனுவேல் வீட்டுல பேசி வச்ச சம்பந்தம் நின்னுச்சே..."

"ஆமா."

"நீயே வேண்டாம்னுட்டதாச் சொன்ன."

"நாந்தான் சொன்னேன். அவங்க வீட்டுல அந்தப் புள்ளைய என்ன பண்ணுனேன்னு கேட்டாங்க. எந்தப் புள்ளைன்னு நான் சொல்லலாம். சொன்னா ஓம் மாமியா காதுக்கு ஒரு நாள்ல வந்துரும். அதனால, எனக்கு ஒங்க மாப்பிள்ள வேண்டாம்னுட்டு வந்துட்டேன். பொய் இல்லையே?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம டின்னுக்கு யார அனுப்பியிருப்ப?"

மரியம் படியில் உட்கார்ந்துவிட்டாள். இவளுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல முடியாது. சம்பந்தம் நின்ற அந்த நாட்களில் மேரியின் முகத்தைப் பார்த்தபோது ஏதோ இருக்கிறது என்று தோன்றத்தான் செய்தது. கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால்தான் கேட்கவில்லை. அன்றைக்கும் பாட்டிலைக் கழுவ வெந்நீர்தான் கேட்டாள்.

"எனக்கு ஒரு மறைப்பு வேணும்னு ஒன்னயப் போட்டு மூடிக்கிட்டேனேடி."

"பெரிய பேச்செல்லாம் பேசாத. எனக்கு அடுப்புல சோறு கெடக்கு."

"நாளைக்கு வெள்ளனே பெருமாள்மலைக்குப் போவோம் மேரி. அன்னக்கொடி இன்னும் கடையிலதான இருக்கா? அந்த டின்னு எம்புள்ளைக்குத்தான்னு நான் சொல்றேன். கடையில எத்தனை பேரு நின்னாலும் சொல்றேன்."

"அவளுக்குப் பல்லே போயிருச்சு. இப்ப சொல்லி எனக்கு மாப்பிள்ள பாக்கப் போறியாக்கும்?"

"இல்ல மேரி. சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

அடைக்கலமேரி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒந்தூக்கத்துக்காகன்னா நான் வரல. அதுக்கு நீ தனியாப் போயி, சொல்லிட்டு வந்து, நல்லாத் தூங்கு. எம்பேரு அந்த ஜங்ஷன்ல கெடக்கே, அத எடுக்கணும்னு நெனச்சியன்னா கூப்புடு, வர்றேன். ரெண்டும் ஒண்ணில்ல மரியம்."

மரியம் வாயைத் திறந்தாள். இரண்டில் எது என்று உடனே சொல்லிவிடலாம் போலிருந்தது. காலையில் டாக்டரிடம் சொன்னதும் அப்படி உடனே வந்ததுதான்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

"அதான் சரி," என்று அடைக்கலமேரி படியிறங்கிப் போனாள்.